லீகில் 17-ஆம் இடம், கையில் ஐரோப்பியக் கோப்பை: இப்படிப்பட்ட சீசனை எப்படி எடைபோடுவது?

2024-25 சீசனில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் (செல்லமாக ஸ்பர்ஸ்) இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் 38 ஆட்டங்களில் 22-ஐத் தோற்று 17-ஆம் இடத்தில் முடித்தது. அதற்குக் கீழே இருந்த மூன்று அணிகளும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கின. அதே அணிதான் மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. 2008-க்குப் பிறகு கிளப் வென்ற முதல் கோப்பை, 1984-க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை. அன்று முதல் ஸ்பர்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இதே சண்டைதான்: அது நல்ல சீசனா, படுமோசமான சீசனா?

நானும் ஸ்பர்ஸ் ரசிகன்தான். இந்தக் கேள்விக்கு உணர்ச்சியில் மட்டும் பதில் சொல்லாமல், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஒரு முறை வேண்டும் என்று நினைக்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கிளப் வேறாக இருந்தாலும் உதவும். ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், வெஸ்ட் ஹாம், பர்மிங்ஹாம், விகன் என்று இங்கிலாந்தில் இந்த அனுபவம் இல்லாத கிளப் குறைவு.

முதல் விதி ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது: லீகையும் கோப்பையையும் கூட்டிக் கழித்து ஒரே மதிப்பெண் போடாதீர்கள். ஒரு தாளில் லீகை மட்டும் எழுதுங்கள், இன்னொன்றில் கோப்பையை மட்டும். இரண்டையும் தனித்தனியாக முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் மேனேஜரைப் பற்றியோ நிர்வாகத்தைப் பற்றியோ வாய் திறக்க வேண்டும்.

லீக் தாளை முதலில் எடுங்கள், சாக்கு எதுவும் சேர்க்காமல்

கோப்பை வென்ற மகிழ்ச்சியில் இருக்கும்போது இதைச் செய்வது கஷ்டம், ஆனாலும் முதலில் செய்யுங்கள். ஸ்பர்ஸின் லீக் கணக்கு: 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி, 38 புள்ளி. இந்த எண்களோடு, அந்த சீசனில் கீழே இறங்கிய அணிகளுடன் ஆடிய ஆட்டங்களையும் எழுதுங்கள். இப்ஸ்விச் அந்த சீசன் முழுக்க வென்றது 4 ஆட்டம்தான், அதில் முதல் வெற்றி நவம்பரில் ஸ்பர்ஸ் மைதானத்தில் 2-1 என்று வந்தது. ஜனவரியில் லெஸ்டரும் அதே மைதானத்துக்கு வந்து அதே 2-1 கணக்கில் வென்றுவிட்டுப் போனது. ஒரு அணியின் தரத்தைப் பெரிய கிளப்புகளுடன் ஆடும் ஆட்டத்தை வைத்துப் பேசுவது நமக்குப் பழக்கம், நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வென்றதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், ஆனால் அந்த வெற்றிக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் இப்ஸ்விச்சிடம் தோற்றோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் அந்த அணியின் உண்மையான முகம் தெரியும்.

அப்புறம் கோல் வித்தியாசம். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை, ஆனால் கலவையான சீசனில் நிறைய விஷயம் சொல்வது இதுதான். ஸ்பர்ஸ் அடித்தது 64, வாங்கியது 65. மைனஸ் 1. 17-ஆம் இடத்தில் முடித்த அணிக்கு இது நம்ப முடியாத எண். நான்காம் இடத்தில் முடித்த செல்சியும் அந்த சீசனில் அடித்தது அதே 64 கோல்தான், வாங்கியது 43. ஆக கோல் அடிப்பதில் பிரச்சினையே இல்லை. எவர்டனுக்கு 4-0, வெஸ்ட் ஹாமுக்கு 4-1, ஆஸ்டன் வில்லாவுக்கு 4-1, சவுத்தாம்டனுக்கு 5-0 என்று வென்றால் மொத்தமாகக் கொட்டினார்கள், தோற்றால் ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ திரும்பத் திரும்பத் தோற்றார்கள். 5-0 வெற்றிக்கும் மூன்று புள்ளிதான், 1-0 வெற்றிக்கும் மூன்று புள்ளிதான். உங்கள் கிளப்பின் கோல் வித்தியாசம் அது முடித்த இடத்தைவிட நன்றாக இருந்தால், நெருக்கமான ஆட்டங்களை எப்படி இழந்தது என்று தேடிப் பாருங்கள். வித்தியாசமும் மோசம், இடமும் மோசம் என்றால் அது வேறு நோய். மைனஸ் 10 கோல் வித்தியாசத்தோடு 42 புள்ளி எடுத்து 15-ஆம் இடத்தில் முடித்த அந்த வருட யுனைடெட் இரண்டாவது வகை.

காயங்களைக் கணக்கில் எடுக்கும் முறை

இங்கே ரசிகர்கள் இரண்டு கட்சி. காயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் ஒரு பக்கம், காயம் எல்லா அணிக்கும் வரும் என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரையும் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தேதிகளைப் பாருங்கள்.

அந்த சீசனில் ஸ்பர்ஸின் முதல் தேர்வு சென்டர் பேக் (நடு டிஃபென்டர்) ஜோடி மிக்கி வான் டி வென், கிறிஸ்டியன் ரொமேரோ. டிசம்பர் 8 அன்று செல்சியுடனான ஆட்டத்துக்கு இருவரும் காயத்திலிருந்து ஒன்றாகத் திரும்பி வந்தார்கள், அதே ஆட்டத்தில் இருவரும் மறுபடி காயமடைந்து வெளியேறினார்கள். கோல்கீப்பர் விக்காரியோ அதற்கு முன்பே சிட்டியுடனான அந்த 4-0 ஆட்டத்தில் கணுக்கால் உடைந்து, அதோடேயே ஆடி முடித்து, அறுவை சிகிச்சைக்குப் போனவர். பிறகு வாரக்கணக்கில் 18 வயது ஆர்ச்சி கிரே சென்டர் பேக்காக ஆடினான், அவனோ அடிப்படையில் நடுக்கள ஆட்டக்காரன். டிசம்பர் 22 அன்று லிவர்பூலிடம் 6-3 என்று தோற்றது இந்த நிலையில்தான். அந்தப் பையன் அன்று ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கும்.

ஆக, டிசம்பர், ஜனவரி தோல்விகளில் காயத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுப்பவருடன் வாதாட வேண்டியதில்லை. ஆனால் காயப் பட்டியல் உச்சம் தொடுவதற்கு முன்பே இப்ஸ்விச்சிடம் தோற்றாயிற்று. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: காயங்கள் வெறும் துரதிர்ஷ்டமா, ஆட்ட பாணியின் விளைவா? அப்போதைய மேனேஜர் போஸ்டகோக்லுவின் அணி டிஃபென்ஸ் வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி வைக்கும், பந்து பின்னால் போனால் டிஃபென்டர்கள் முழு வேகத்தில் திரும்பி ஓட வேண்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம். தசைநார்க் காயங்கள் தொடர்ந்து வந்தால் பாணிக்கும் பங்கு இருக்கும் என்று சந்தேகிப்பது நியாயம். கணுக்கால் உடைவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சீசனை எங்கே வெட்டுவது

இதுதான் முக்கியமான வேலை, நிறைய பேர் தவறவிடும் வேலையும்கூட. கோப்பையில் முன்னேறும் அணி ஏதோ ஒரு கட்டத்தில் லீகைக் கைவிடும். அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, அதற்கு முன், அதற்குப் பின் என்று லீக் கணக்கைப் பிரித்து எழுதுங்கள்.

இங்கிலாந்தின் இரண்டு உள்நாட்டுக் கோப்பைப் போட்டிகளில், ஸ்பர்ஸ் பிப்ரவரி 6 அன்று லீக் கப் அரையிறுதியில் லிவர்பூலிடம் 4-0 என்று விழுந்து வெளியேறியது, 9-ஆம் தேதி எஃப்ஏ கப்பில் வில்லாவிடம் தோற்றது. மிச்சம் இருந்தது யூரோப்பா மட்டும். பிப்ரவரி 22 அன்று இப்ஸ்விச்சை அவர்கள் ஊரில் 4-1 என்று வென்றபோது 26 ஆட்டங்களில் 33 புள்ளி. அதன் பிறகு 12 ஆட்டங்களில் 1 வெற்றி, 2 டிரா, 9 தோல்வி, 5 புள்ளி. அந்த ஒரே வெற்றி சவுத்தாம்டனுக்கு எதிராக, அதுவும் அவர்கள் 7 ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது உறுதியான ஆட்டம். ஏப்ரல் மாதத்தில் லீக் ஆட்டங்களுக்கு மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவது வெளிப்படையாகவே நடந்தது. வெட்டும் கோட்டைச் சரியாக எந்த ஆட்டத்தில் போடுவது என்பதில் நீங்கள் என்னோடு சண்டை போடலாம், கோடு இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

இப்போது கவனியுங்கள். கடைசி 12-ஐத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் 26 ஆட்டத்தில் 13 தோல்வி. முழு சீசனுக்கு நீட்டினால் சுமார் 48 புள்ளி வரும், பட்டியலின் நடுவுக்குக் கீழே. கோப்பைக்காக லீகை விட்டார்கள் என்று சொல்பவர்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். 17-ஆம் இடத்துக்கு அது காரணம், முதல் பத்துக்குள் வராமல் போனதற்கு அது காரணம் கிடையாது.

எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேளுங்கள். ஜூன் 6 அன்று போஸ்டகோக்லுவை நீக்கிய அறிக்கையில் கிளப் சொன்ன கணக்கு, கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளி. கணக்கு சரிதான். ஆனால் ஏன் 66? அவர் பதவியேற்ற முதல் 10 ஆட்டங்களில் எடுத்த 26 புள்ளியை விட்டுவிட்டு எண்ணினால்தான் 66 வரும். முன்னால் நல்ல பகுதியை வெட்டினார்கள், பின்னால் கோப்பைக்காக லீகைக் கைவிட்ட பகுதியை வெட்டவில்லை. நான் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தேன், முதல் 10-ஐச் சேர்த்து, கடைசி 12-ஐ விட்டால் 64 ஆட்டத்தில் 99 புள்ளி, ஒரு முழு சீசனுக்கு 59 புள்ளி வேகம். கிளப்பின் கணக்குப்படி 45. இரண்டுமே ஒரே மனிதரின் வேலையைப் பற்றிய எண்கள்தான். நீங்களும் இதே மாதிரி கருணையான வெட்டு ஒன்று, கடுமையான வெட்டு ஒன்று என்று இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஸ்பர்ஸ் விஷயத்தில் கருணையான வெட்டுகூட முதல் நான்கு இடத்துக்கு அருகே வரவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதாளம் எவ்வளவு ஆழத்தில் இருந்தது

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். 17-ஆம் இடம் என்றாலே தலைக்கு மேல் கத்தி தொங்கியது என்று அர்த்தம் ஆகாது. 18-ஆம் இடத்தில் இருந்த லெஸ்டர் எடுத்தது 25 புள்ளி, ஸ்பர்ஸுக்கும் அதற்கும் 13 புள்ளி இடைவெளி. லீகைக் கைவிடும் தைரியம் அந்த இடைவெளியால்தான் வந்தது. 2010-11-ல் பர்மிங்ஹாம் வெம்ப்ளியில் ஆர்சனலை 2-1 என்று வென்று லீக் கப்பைத் தூக்கியது, அந்த சீசனில் 39 புள்ளி எடுத்தும் இறங்கியது. அதாவது ஸ்பர்ஸைவிட ஒரு புள்ளி அதிகம். விகன் 2013 மே 11 அன்று சிட்டியைக் கடைசி நிமிட கோலில் வென்று எஃப்ஏ கப்பை எடுத்தது, மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்றுக் கீழ்ப் பிரிவுக்குப் போனது. உங்கள் கிளப் லீகைப் பணயம் வைத்ததா என்று கேட்கும்போது, உண்மையில் எவ்வளவு வைத்தது என்பதையும் கேளுங்கள்.

கோப்பைத் தாள்

லீக் தாளில் கடுமையாக இருந்தவர்கள் இங்கே வந்ததும் ஒரு தப்பு செய்வார்கள், கோப்பையை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். சுற்று சுற்றாக எழுதிப் பாருங்கள். யார், எங்கே, எப்படி.

ஸ்பர்ஸ் முதல் கட்டத்தில் 8 ஆட்டத்தில் 17 புள்ளி எடுத்து 36 அணிகளில் நான்காவது, அதனால் நேராகக் கடைசி 16. நெதர்லாந்தின் அல்க்மாரிடம் முதல் லெக்கில் (ஒரு சுற்றுக்கு இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டித்தான் முடிவு) 1-0 என்று தோற்று, சொந்த மைதானத்தில் 3-1 என்று திருப்பியது. காலிறுதியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுடன் வீட்டில் 1-1, அங்கே போய் சோலங்கியின் பெனால்டியில் 1-0. அரையிறுதியில் நார்வேயின் போடோ கிளிம்ட்டை 3-1, அப்புறம் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே செயற்கைப் புல் மைதானத்தில் 2-0. பெரிய பெயர்கள் குறைவு, உண்மை. ஆனால் பிராங்க்பர்ட்டில் அந்த நெருக்கடியில் கோல் வாங்காமல் ஆட்டத்தை முடிப்பது அந்த அணியால் லீகில் வாரா வாரம் செய்ய முடியாத காரியம்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆட்டம் மாறியதா என்பது. இறுதிப்போட்டியில் ஸ்பர்ஸ் கோல் நோக்கி அடித்ததே மூன்று முறைதான், பந்து பெரும்பாலும் யுனைடெட்டிடம். 42-ஆம் நிமிடம் பிரென்னன் ஜான்சன் எப்படியோ பந்தை உள்ளே தள்ளினார். இரண்டாம் பாதியில் யுனைடெட்டின் ஹோய்லண்ட் தலையால் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டப் போகும் நேரம் வான் டி வென் அந்தரத்தில் காலை நீட்டி வெளியே எடுத்தார், கடைசிப் பகுதியில் டிஃபென்டர் டான்சோ உள்ளே வந்து ஐந்து டிஃபென்டர்களோடு நின்றார்கள். இரண்டு வருடம் எதிரணி யாராக இருந்தாலும் முன்னேறித்தான் ஆடுவேன் என்று நின்ற மேனேஜர், கோப்பை என்று வந்ததும் தன் பாணியை மடித்து வைத்தார். மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவருமே காயத்தால் இல்லாத நிலையில் அது சரியான முடிவு, நான் அவரை மிகவும் மதிப்பது அதற்காகத்தான். அதே நேரம் லீக் தாளுக்கு அது ஒரு கேள்வியையும் அனுப்புகிறது: இப்படியும் ஆட முடியும் என்றால், டிசம்பரில் கிரேயை அந்த உயரமான வரிசையில் நிற்க வைத்தது ஏன்? கோப்பைத் தாளை ஒழுங்காகப் படித்தால் லீக் தாளுக்கான கேள்விகள் இப்படித் தானாக வரும், நான் தனித்தனியாக எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

எதிராளியின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த சீசனில் யுனைடெட்டை ஸ்பர்ஸ் லீகில் இரண்டு முறை, லீக் கப்பில் ஒரு முறை, இறுதிப்போட்டியில் ஒரு முறை என்று நான்கு தடவையும் வென்றது. நான்கு முறை ஒரே அணியை வெல்வதை யதேச்சை என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

கோப்பை என்ன கொண்டுவருகிறது

எந்தக் கோப்பை என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். லீக் கப் வென்றால் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் பிளே-ஆஃப் (தகுதிச் சுற்று), எஃப்ஏ கப் வென்றால் யூரோப்பா லீக், யூரோப்பா லீக் வென்றால் எல்லாவற்றுக்கும் மேலான சாம்பியன்ஸ் லீக். 17-ஆம் இடத்து அணி சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது அப்படித்தான். பண விஷயத்தில், பிரீமியர் லீகில் ஒரு இடம் இறங்கினால் சுமார் 30 லட்சம் பவுண்டு போகும், சாம்பியன்ஸ் லீகில் காலடி எடுத்து வைத்தாலே 1 கோடியே 86 லட்சம் யூரோ வரும், ஒவ்வொரு வெற்றிக்கும் மேலும் 21 லட்சம். விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள்: 2025-ல் எஃப்ஏ கப் வென்ற கிரிஸ்டல் பேலஸ், ஒரே முதலாளிக்குப் பல கிளப்புகளில் பங்கு இருப்பது தொடர்பான யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) விதியால் யூரோப்பாவிலிருந்து கான்ஃபரன்ஸ் லீகுக்குத் தள்ளப்பட்டது. 2012-ல் ஆறாம் இடத்தில் முடித்த செல்சி சாம்பியன்ஸ் லீகை வென்றதால், நான்காம் இடத்தில் முடித்த ஸ்பர்ஸின் இடம் பறிபோனது. அந்த வலி தெரிந்தவர்களுக்கு 2025 இன்னும் கொஞ்சம் இனித்தது.

பணத்தை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சன் ஹியுங்-மின் 2015-ல் வந்தவர், பத்து வருடம் அந்தச் சட்டையில் ஓடி, கேப்டனாக, அந்த இரவில்தான் தன் முதல் கிளப் கோப்பையைத் தொட்டார். ஹாரி கேனுக்கு அங்கே இருந்தவரை அது கிடைக்கவே இல்லை. 17 வருடக் காத்திருப்புக்கு எத்தனை புள்ளி என்று எந்தப் பட்டியலும் சொல்லாது, அதற்காக அதை வெறுமையாக விட வேண்டியதில்லை, கோப்பைத் தாளில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

மேனேஜரை என்ன செய்வது

இரண்டு தாளும் முடிந்த பிறகு வர வேண்டிய கேள்வி. இங்கே முன்னுதாரணங்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. லூயிஸ் வான் ஹால் 2016-ல் யுனைடெட்டுக்கு எஃப்ஏ கப் வென்று கொடுத்த இரண்டாம் நாளே போனார். எரிக் டென் ஹாக் 2024-ல் எட்டாம் இடத்தில் முடித்து எஃப்ஏ கப் வென்றார், ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள், அக்டோபர் முடிவதற்குள் வெளியே அனுப்பினார்கள். ஸ்பர்ஸிலேயே ஹுவாண்டே ராமோஸ் 2008-ல் லீக் கப் வென்றார், லீகில் 11-ஆம் இடம், அடுத்த சீசன் முதல் 8 ஆட்டத்தில் 2 புள்ளி எடுத்து அக்டோபரிலேயே வேலை போனது. மறுபக்கம் ஆர்சனலின் மிக்கெல் ஆர்ட்டெட்டா. 2020-ல் எட்டாம் இடம், எஃப்ஏ கப். அடுத்த வருடம் மறுபடி எட்டாம் இடம், கோப்பையும் இல்லை. ஆர்சனல் பொறுத்தது, பிறகு ஐந்தாம் இடம், அதன் பிறகு இரண்டாம் இடம்.

என் முடிவைக் கேட்டால், போஸ்டகோக்லுவுக்குச் சாம்பியன்ஸ் லீகோடு ஒரு இலையுதிர்காலமாவது கொடுத்திருக்க வேண்டும். லீக் தாள் மோசம் என்பதை நான் மறைக்கவில்லை, மேலேயே எழுதியிருக்கிறேன். பில்பாவோவில் அவர் காட்டிய மாற்றம் லீகுக்கும் வருமா என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது, அந்த 78 புள்ளிக் கணக்கு அதற்கு இடம் தராத மாதிரி வெட்டப்பட்டிருந்தது. நீங்கள் இதே எண்களை வைத்து நேர் எதிரான முடிவுக்கு வரலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த சீசனில் 10 லீக் ஆட்டம் முடிந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: கீழ்மட்ட அணிகளுடன் சொந்த மைதானத்தில் எத்தனை புள்ளி, ஒரு கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் எத்தனை வெற்றி, முதல் தேர்வு டிஃபென்டர்கள் எத்தனை ஆட்டத்தில் சேர்ந்து ஆடினார்கள். இந்த மூன்றும் பழைய மாதிரியே இருந்தால் லீக் தாளில் நீங்கள் எழுதியது அந்த அணியின் தன்மை, மேனேஜர் மாறியும் போகவில்லை. மாறியிருந்தால் எது மாறியது என்று தேட ஆரம்பியுங்கள், ஆட்டக்காரர்களா, பாணியா, உடல்நலமா என்று.